சைக்கிள் ரிப்பேர் கற்றுக்கொள்ள எந்தப் புத்தகம்? (உப்புக்காற்று ஊர்க்காரர்களுக்கான இழை)

மே 11 – உச்சிப்புளியிலிருந்து வந்த கேள்வி

அக்கா, வீட்டில் இரண்டு வண்டி. ஒன்று தாத்தா ஓட்டிய 24 இஞ்ச் பிரேம் வண்டி, கம்பி பிரேக். இன்னொன்று போன வருஷம் மதுரையில் எடுத்த கியர் சைக்கிள், டிஸ்க் பிரேக், பின்னால் ஏழு பல்சக்கரம். எங்கள் தெருமுனையில் இருந்த சைக்கிள் கடை இப்போது பைக் கடை. ராமநாதபுரம் கொண்டுபோனால் ஒரு நாள் பிழைப்பு கெடுகிறது. நானே கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். எதை வாங்க? யூடியூப் பார் என்று மட்டும் சொல்லாதீர்கள். செயினில் ஆரம்பித்து மீன் குழம்பில்தான் போய் முடிகிறது.

மே 11, இரவு

ஒரே புத்தகம் என்றால் கியர் வண்டிக்கு வாங்குங்கள் தம்பி. தாத்தா வண்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன். மண்டபத்தில் சாயங்காலத்திலிருந்து கரண்ட் இல்லை, போன் சாகப்போகிறது.

மே 12

இப்போது அச்சில் கிடைக்கிற நல்ல புத்தகங்கள் அமெரிக்கக்காரர்கள் அவர்கள் ஊர் வண்டிக்கு எழுதியவை. டீரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி), டிஸ்க், நட் போட்ட அச்சுக்குப் பதில் மடக்கி இறுக்கும் லீவர் அச்சு, இவைதான் பக்கம் பக்கமாக இருக்கும். தாத்தா வண்டியில் இருப்பதோ காட்டர் பின் (பெடல் மாட்டும் கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பு), கம்பி பிரேக், வால்டியூப் என்ற ரப்பர்க் குழாய் மாட்டிய வால்வு. புதுப் புத்தகத்தில் காட்டர் பின்னுக்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிய விஷயம்.

இரண்டு பெயர் சொல்கிறேன். பார்க் டூல் கம்பெனிக்காகக் கால்வின் ஜோன்ஸ் எழுதிய 'பிக் புளூ புக்'. போட்டோ நிறைய. அவர்கள் டூல் செய்து விற்கிறவர்கள், ஆகவே எந்த வேலையைத் திறந்தாலும் நீலப் பிடி போட்ட டூல் ஒன்று தலைகாட்டும். அடுத்தது லெனர்ட் சின் எழுதியது. அவர் மலைச் சைக்கிளுக்குத் தனி, ரோடு சைக்கிளுக்குத் தனி என்று இரண்டு புத்தகமாக எழுதியிருக்கிறார். கையால் வரைந்த கோட்டுப் படங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இது 1-ஆம் நிலை, இது 3-ஆம் நிலை என்று கடினத்தைத் தரம் பிரித்திருப்பார். கைவைக்கலாமா, விட்டுவிடலாமா என்று முதலிலேயே தெரிந்துவிடும். உங்கள் வண்டிக்கு சின் எழுதிய மலைச் சைக்கிள் புத்தகம். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன், என் மகனுடைய கியர் வண்டிக்காக.

போட்டோவில் கை மறைத்துவிடும், நிழல் விழும். கோட்டுப் படத்தில் எந்த வாஷருக்குப் பின் எந்தப் பால்ரஸ் என்று வரிசையாகப் பிரித்து வைத்தது போல இருக்கும். ஆங்கிலம் தடுமாறினாலும் படம் காப்பாற்றும்.

மே 12, மறுபடியும்

பார்க் டூல் விஷயத்தில் ஒன்று விட்டுப்போனது. அந்தப் புத்தகத்தில் உள்ள பெரும்பகுதி அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறது. விலை கொடுத்து வாங்க அதுவும் ஒரு தயக்கம் எனக்கு.

மே 15

தொண்டியிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "புத்தகக் கடையில் நின்றுகொண்டு எப்படித் தேர்ந்தெடுப்பது? எல்லா அட்டையிலும் ஒரு வெள்ளைக்காரர் சக்கரத்தைப் பிடித்துச் சிரிக்கிறார்."

அட்டையையும் பொருளடக்கத்தையும் விட்டுவிடுங்கள். நேராகக் கோன் சரிசெய்யும் பக்கத்தைத் திறங்கள். ஹப்பின் (சக்கரத்தின் நடுப் பாகம்) இரண்டு பக்கமும் பால்ரஸைத் தாங்கும் கோன், அதை அசையாமல் பிடிக்கும் லாக் நட். இதை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் எழுதியவர் கையில் உண்மையிலேயே கிரீஸ் பட்டதா என்பது தெரியும்.

மோசமான புத்தகம் "ஆட்டம் இல்லாமல் இறுக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். கொஞ்சம் நல்லது "சற்று ஆட்டம் விட்டு இறுக்கவும்" என்று சொல்லும். அதிலும் பாதிதான் இருக்கிறது. லீவர் அச்சு வண்டியில் லீவரை மடக்கும்போது அச்சு நெருக்கப்பட்டுச் சிறிது குறுகும், கோனும் அந்த அளவுக்கு இறுகும். அதனால்தான் வெளியில் வைத்துச் சரிசெய்யும்போது ஒரு மயிரிழை ஆட்டம் விட வேண்டும். நட் போட்ட அச்சில், அதாவது நம்மூர் 22, 24 இஞ்ச் வண்டிகளிலும் லேடீஸ் வண்டிகளிலும், அந்தக் குறுகல் கிடையாது. அங்கே ஆட்டம் விட்டால் விட்டது விட்டதுதான், கோனில் குழி விழும். இந்த வித்தியாசத்தைக் காரணத்தோடு எழுதியிருக்கும் புத்தகம் என்றால் தைரியமாகப் பணத்தை எடுங்கள்.

கையால் பார்ப்பது எப்படி என்றும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, அச்சின் முனையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உருட்டுங்கள். மணலில் உருட்டுவது போல நறநறவென்றால் உள்ளே அழுக்கு, அல்லது குழி. வழுவழுவென்று சுற்றி, பக்கவாட்டில் அசைத்தால் 'டிக்' என்று ஓசை வந்தால் ஆட்டம். லாக் நட்டை இறுக்கும்போது கோன் கூடவே திரும்பி எல்லாம் மாறிப்போகும். அதற்குத்தான் மெலிந்த கோன் ஸ்பேனர். பால்ரஸ் அளவுகூட நல்ல புத்தகத்தில் இருக்கும்: முன் ஹப்பில் வழக்கமாக 3/16 இஞ்ச், பின்னால் 1/4 இஞ்ச். முன்னதைப் பின்னால் போட்டு மூடியவர்கள் உண்டு.

மே 19

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; வயது தெரியவில்லை, எழுத்தைப் பார்த்தால் காக்காதான்) எழுதுகிறார்: "புத்தகம் எதற்கு? ஒரு கடையில் பத்து நாள் உட்கார்ந்தால் தன்னால் வந்துவிடும். நாங்கள் அப்படித்தான் படித்தோம்."

உங்களை உட்கார விட்டார்கள் காக்கா. நான் போய் நின்றால் "நீங்க போய் நிழல்ல உட்காருங்கம்மா, ஆயிட்டு கூப்பிடுறேன்" என்பார்கள். ஒரு கடையில் என் லேடீஸ் வண்டியை ஓவராயில் பண்ண (முழுக்கப் பிரித்து மாட்ட) கொடுத்தேன். இடது பெடலைக் கழற்ற அந்தப் பையன் ஸ்பேனரை வழக்கமான பக்கம் திருகித் திருகி, கடைசியில் ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி மிதித்தான். இடது பெடலுக்கு இடது மரை, தலைகீழாகத் திருகினால்தான் கழலும் என்று எனக்கு அப்போது தெரியும். சொன்னேன். சிரித்தான். மரை போனது, கிராங்கும் போனது. புதுக் கிராங்குக்கும் என்னிடமே காசு.

நல்ல மிஸ்திரியிடம் கற்றால் எந்தப் புத்தகமும் பக்கத்தில் வராது, அதை மறுக்கவில்லை. ஆனால் மிஸ்திரி கை சொல்வதைச் செய்வார், காரணத்தை வாயால் சொல்ல மாட்டார். பாட்டம் பிராக்கெட்டில் (கிராங்கின் அச்சு சுற்றும் இடம்) வலது பக்கக் கப்புக்கும் இடது மரைதான். ஏன் பெடலுக்கு இடது பக்கமும் இங்கே வலது பக்கமும் என்று கேளுங்கள். "அப்படித்தான்" என்பார். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அப்படி வைத்தார்கள் என்பதைப் புத்தகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

மே 20

காக்கா பதில் போட்டிருக்கிறார்: "அது கடை இல்லை, கசாப்பு." சரி, சமாதானம்.

ஜூன் 2

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். எந்தப் புத்தகம் வாங்கினாலும் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கும்: வாரத்துக்கு ஒரு தடவை இது, மாதத்துக்கு ஒரு தடவை அது, வருஷத்துக்கு ஒரு தடவை ஹப்பைப் பிரித்துக் கிரீஸ். அந்தப் பக்கத்தை மட்டும் ஒட்டி மூடிவிடுங்கள். அது நம் கடற்கரைக்கு எழுதியது அல்ல.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு தானாகவே கசிந்து நீராகும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். அதாவது பாம்பனிலோ ஏர்வாடியிலோ வாலிநோக்கத்திலோ வண்டியின் மேல் படிந்த உப்புத்தூள் ஏறக்குறைய எந்த நேரமும் ஈரமாகத்தான் இருக்கிறது. மழை பெய்யாவிட்டாலும் வண்டி நனைந்துகொண்டே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் நிற்கிற வண்டிதான் மோசமாகத் துருப்பிடிக்கும், வெயிலில் நிற்கிற வண்டி அல்ல. என் மாமனார் இதை நம்பவே மாட்டார். "நிழல்ல வச்ச வண்டி எப்படிம்மா துருப்பிடிக்கும்?" திண்ணையில் உப்பு ஏறும், மழை வந்து அலம்பிவிடாது, அவ்வளவுதான்.

துரு முதலில் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். போக்ஸ் கம்பி ஹப்பில் வளைந்து நுழைகிற இடம், அந்தக் கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிள், ஸ்டாண்டு ஸ்பிரிங், மட்கார்டு கம்பியின் போல்ட், செயின். துத்தநாகம் பூசிய கம்பி முதலில் வெள்ளையாகப் பூக்கும், பிறகுதான் சிவப்பு வரும். வெள்ளை நிலையிலேயே துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் அந்தக் கம்பி இன்னும் பல வருஷம் ஓடும்.

கியர் வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. சீட்டுக் குழாய் அலுமினியம், பிரேம் இரும்பு என்றால் இரண்டுக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் நுழைந்து மின்கலம் மாதிரி வேலை செய்யும். அலுமினியம் அரித்துப் பொடியாகி, அந்தப் பொடியே குழாயைப் பிரேமோடு கவ்விக்கொள்ளும். ஒரு வருஷம் கழற்றாமல் விட்டால் சீட்டு அந்த உயரத்திலேயே நிரந்தரம். மகன் வளர்ந்துகொண்டே போனான், சீட்டு உயரவில்லை. கடைசியில் அறுத்துத்தான் எடுத்தார்கள். ஆகவே புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது கோன் பக்கத்துக்கு அடுத்ததாக, இறுகிப்போன பாகத்தை எடுப்பது எப்படி என்ற பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி புதிதாக வந்த அன்றே சீட்டுக் குழாயை வெளியே எடுத்துக் கிரீஸ் பூசி உள்ளே விடுங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மறுபடி.

ஜூன் 3

"அப்போ தினமும் கழுவினால் போதுமா?" என்று ஒருவர். எந்தத் தண்ணீரால் என்று சொல்லுங்கள் முதலில். எங்கள் தெருவில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதால் கழுவினால் கடல்காற்று செய்கிற வேலையை நீங்களே வாளியில் எடுத்து ஊற்றுகிறீர்கள். காவிரித் தண்ணீர் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குவதைச் சைக்கிளுக்கு ஊற்றினால் வீட்டில் சண்டை. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு தடவை. ஒரு சொம்பு போதும்.

ஜூன் 9

பெரியபட்டினத்திலிருந்து ஒரு தங்கை: "அக்கா, 26 இஞ்ச் டயர் என்று கேட்டு வாங்கி வந்தேன், ரிம்மில் ஏறவே மாட்டேன் என்கிறது. கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள்."

உன் வண்டி லேடீஸ் வண்டி, டயரில் 26×1⅜ என்று இருக்கும் பாரு. வாங்கி வந்தது 26×1.95 ஆக இருக்கும். இரண்டுக்கும் பேர் 26, ஆனால் டயர் உட்காரும் ரிம் விட்டம் ஒன்றுக்கு 590 மில்லிமீட்டர், இன்னொன்றுக்கு 559. மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம், எப்படி ஏறும்! டயர் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 37-590 என்பது போல இரண்டு எண் இருக்கும். பழைய டயரிலும் புது டயரிலும் இரண்டாவது எண் ஒரே எண்ணாக இருந்தால்தான் பொருந்தும். தாத்தா காலத்து 28×1½ டயருக்கு (அது இங்கிலாந்து அளவு) அந்த எண் 635. இப்போதைய 29 இஞ்ச் வண்டிக்கு 622. 28 பெரியது, 29 சிறியது. கேட்டால் தலை சுற்றும். அதனால்தான் எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன்.

நல்ல புத்தகம் என்று சொல்ல இந்த அட்டவணையும் இருக்க வேண்டும். ஆக மூன்று பக்கம் ஆயிற்று: கோன், இறுகிய பாகம், டயர் அளவு.

ஜூன் 10

தாத்தா வண்டிக்கு மட்டும் ஏன் இங்கிலாந்து அளவு என்று தொண்டிக்காரர் நோண்டுகிறார். சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கூட்டாகத் தொடங்கியது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பிஎஸ்ஏ எல்லாம் அங்கிருந்து வந்த பெயர்கள். வண்டியின் வடிவமும் அங்கிருந்து வந்ததுதான். அங்கே அந்த வண்டியை விட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை. ஆகவே தாத்தா வண்டிக்குத் துணை வேண்டுமென்றால் 1950, 60-களில் இங்கிலாந்தில் வந்த பழைய கையேடு ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஷெல்டன் பிரௌன் என்ற அமெரிக்கச் சைக்கிள் மெக்கானிக்கின் இணையதளம். அவர் 2008-இல் காலமாகிவிட்டார், ஆனால் தளம் இருக்கிறது. காட்டர் கிராங்குக்குத் தனிப் பக்கமே வைத்திருக்கிறார். காசு கிடையாது.

ஜூன் 21

மூன்று பேர் பஞ்சர் பற்றி எழுதியாயிற்று. ராமநாதபுரம் மாவட்டத்தில் சைக்கிள் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சீமைக்கருவேல முள்ளில்தான் வந்து நிற்கும்.

இதற்குப் புத்தகம் வேண்டாம். ஆனால் புத்தகத்தில் இருக்கிற ஒரு விஷயத்தை நாம் செய்வதில்லை. பஞ்சரான ஓட்டையை டியூபில் கண்டுபிடித்தவுடன், டியூபை வால்வு இடத்தை வைத்து டயரோடு பொருத்திப் பார்த்து, டயரில் அதே இடத்தில் விரலை விட்டுத் தடவ வேண்டும். கருவேல முள்ளின் நுனி உடைந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒட்டுப் போட்டு மாட்டிய அரை மணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடி. விரலைக் கவனமாக விடுங்கள், அல்லது துணியை விட்டுச் சுற்றுங்கள், முள்ளில் நூல் மாட்டும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொலூஷன் தடவி, அது பளபளப்பு போய்க் காயும்வரை காத்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதுதான் எல்லோரும் செய்வது. எங்கள் காற்றில் காய இன்னும் நேரமாகும். தண்ணீர்த் தொட்டியில் பார்த்தும் ஓட்டை தெரியவில்லை, ஆனால் காற்று இறங்குகிறது என்றால் வால்டியூபை மாற்றிப் பாருங்கள். சின்ன ரப்பர்க் குழாய், வெயிலில் வெடித்துவிடும். அமெரிக்கப் புத்தகத்தில் அந்த ரப்பருக்கு ஒரு வரி தேடினேன், கிடைக்கவில்லை.

ஜூலை 18

ஆடிக்காற்று ஆரம்பித்துவிட்டது. தனுஷ்கோடி ரோட்டில் மணல் தரையோடு தரையாக ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அரிச்சல்முனை வரை போய் வந்த மகன், செயினுக்கு எண்ணெய் தாராளமாக விட்டுக்கொண்டு போயிருக்கிறான். திரும்பி வந்தபோது செயின் முழுக்க மணல் அப்பிக்கிடந்தது. எண்ணெயும் மணலும் சேர்ந்தால் சாணைக்கல்லுக்கு வேறு பெயர்.

எண்ணெய் உருளைக்குள் போனால் போதும். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, சுற்றிவிட்டு, ஒரு இரவு வைத்து, வெளியே இருப்பதையெல்லாம் துடைத்து எடுத்துவிடுங்கள். செயினைத் தொட்டால் விரல் லேசாகக் கறுக்க வேண்டும், வழுக்கக் கூடாது. நல்லெண்ணெய் விடுகிறவர்கள் நிறுத்துங்கள். சில வாரத்தில் பிசின் ஆகிவிடும். டிஸ்க் வண்டியில் ஸ்பிரே எண்ணெய் அடிக்கவே அடிக்காதீர்கள், தகட்டில் பட்டால் பிரேக் பிடிக்காது, பேடையும் மாற்ற வேண்டிவரும்.

ஹப்புக்குள் போட விசைப்படகு மெக்கானிக் வைத்திருக்கும் தண்ணீர் தாங்கும் கிரீஸைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. டப்பா முழுக்க வேண்டாம், ஒரு கை அளவு கொடுங்கள் என்றால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

செயின் தேய்மானம் பார்க்கத் தனி டூல் தேவையில்லை. இஞ்ச் போட்ட இரும்பு ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து, அடுத்த பின்னை ஒன்று என்று எண்ணி, 24-ஆவது பின்னின் நடுவரை சரியாக 12 இஞ்ச். கியர் வண்டியில் அது 12 1/16 ஆனால் செயினை மாற்றுங்கள். 12⅛ வரை ஓட்டினால் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும்.

ஆகஸ்ட் 4

உச்சிப்புளித் தம்பி புத்தகம் ஆர்டர் போடப் போகிறாராம். "புதுப் பதிப்பு வாங்கவா, பழையது பாதி விலைக்கு ஒரு இடத்தில் இருக்கிறது, அதை வாங்கவா?"

மே மாதம் நான் பதிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் உங்களுக்குப் பழையதுதான் பொருத்தம். அந்த மலைச் சைக்கிள் புத்தகம் 1996-இல் முதலில் வந்தது, பிறகு பதிப்பு மேல் பதிப்பு. ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் பன்னிரண்டு பல்சக்கரம், மின்சாரக் கியர், உயர்ந்த ரக சஸ்பென்ஷன் என்று அந்த வருஷத்துச் சாமான்களுக்கு இடம் கூடிக்கொண்டே போகும், பழைய சாமானுக்கு இடம் சுருங்கும். நம் பக்கம் விற்கிற கியர் வண்டியில் ஏழு பல்சக்கர பிரீவீல், சதுர அச்சு கிராங்க், கேபிள் இழுக்கும் டிஸ்க். அங்கே இருபது வருஷத்துக்கு முன்னால் ஓடியது இங்கே இப்போது ஓடுகிறது. பழைய பதிப்பில் உங்கள் வண்டி நடுப்பக்கத்திலேயே இருக்கும். டிஸ்க் பிரேக் அத்தியாயம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாங்குங்கள், மிகப் பழைய பதிப்பு ஆகாது.

விற்கிறவர் "கிரீஸ் கறை இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாராம். அதற்காக விலை குறைத்தால் நல்லதுதான்.

ஆகஸ்ட் 5

தமிழில் ஏதும் இல்லையா என்று கேட்டவர்களுக்கு. என் கைக்கு வந்த தமிழ்ப் புத்தகங்கள் எல்லாம் சைக்கிள் கடை வைப்பது எப்படி என்ற வகை. எவ்வளவு முதல் போடலாம், பலகை எங்கே மாட்டலாம் என்று இருந்தது. கோனைப் பற்றி இல்லை. யாரிடமாவது நல்லது இருந்தால் அந்தக் கோன் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், இந்த இழையின் தலைப்பையே மாற்றிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 23

கீழக்கரைக் காக்கா திரும்ப வந்திருக்கிறார். ரிம் கோட்டம் எடுப்பது பற்றி ஜாப்ஸ்ட் பிராண்ட் எழுதிய 'தி பைசைக்கிள் வீல்' (1981) வாங்கலாமா என்கிறார். புத்தகம் எதற்கு என்று கேட்டவர்தான்!

அருமையான புத்தகம், ஆனால் அதில் பாதி இன்ஜினியரிங். சக்கரம் மேல் கம்பியில் தொங்கவில்லை, கீழ்க் கம்பிகளின் இறுக்கம் குறைவதால்தான் எடையைத் தாங்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார். முழுச் சக்கரத்தை முதலிலிருந்து கட்டுகிறவர்களுக்கு அது வேண்டும். கோட்டம் எடுக்க மட்டும் என்றால் சின்னின் ஒரு அத்தியாயம் போதும்.

அதிலும் தாத்தா வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புத்தகங்கள் எல்லாம் முதலில் பக்கக் கோட்டத்தை எடு, பிறகு மேல்கீழ்க் கோட்டம் என்று சொல்லும். அவர்கள் பிரேக் கட்டை ரிம்மின் இரண்டு பக்கமும் கவ்வுகிறது, ஆகவே பக்கக் கோட்டம் உடனே உரசும். கம்பி பிரேக்கில் கட்டை ரிம்மின் உட்பக்கத்தை, ஹப்பைப் பார்த்த பக்கத்தை, மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. அங்கே கொஞ்சம் பக்கத்தில் ஆடினாலும் தெரியாது. உருண்டை கெட்டால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் 'கவ்வி-விடு, கவ்வி-விடு' என்று அடிக்கும். எனவே அந்த வண்டிக்கு வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

நிப்பிளை எந்தப் பக்கம் திருகுவது என்று குழம்புகிறவர்கள், டயர் பக்கமிருந்து ரிம்முக்குள் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று இறுக்கும். ஹப் பக்கமிருந்து பார்த்தால் தலைகீழ். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். முன்னால் 32 கம்பி, பின்னால் 40, பொறுமை வேண்டும். துருப்பிடித்த நிப்பிளில் முதல் நாள் இரவே எண்ணெய் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நிப்பிள் அசையாது, கம்பி முறுக்கிக்கொண்டு அறுந்துபோகும்.

செப்டம்பர் 14

புத்தகம் உச்சிப்புளிக்கு வந்து சேர்ந்துவிட்டதாம். கறை டிஸ்க் பிரேக் அத்தியாயத்தில்தானாம். முதல் வேலையாகத் தம்பி சீட்டுக் குழாயைக் கழற்றிக் கிரீஸ் போட்டிருக்கிறார். "லேசாக வெள்ளைப் பொடி வர ஆரம்பித்திருந்தது அக்கா" என்கிறார். போன வருஷம் எடுத்த வண்டி! மற்றவர்களும் இன்றே கழற்றிப் பாருங்கள்.

அக்டோபர் 6

இப்போது தம்பிக்குத் தாத்தா வண்டியில் சிக்கல். மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று அடிக்கிறதாம், பெடல் ஒரு இடத்தில் நழுவுவது போல இருக்கிறதாம். காட்டர் பின் தேய்ந்திருக்கிறது. புத்தகத்தில் தேடிப் பார்த்துவிட்டு இங்கே வந்திருக்கிறார். சொன்னேன் அல்லவா.

நட்டை முழுக்கக் கழற்றாதீர்கள். பின்னின் மரை முனையும் நட்டும் ஒரே மட்டமாக வரும்வரை தளர்த்தி அங்கேயே விட்டுவிடுங்கள், அடி நட்டில் பட்டால் மரை பிழைக்கும். அடுத்தது முக்கியம்: கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டை நிமிர்த்தி வையுங்கள். பின்னின் தலை குழாயின் துவாரத்துக்குள் இறங்குகிற மாதிரி, கிராங்க் குழாயின் விளிம்பில் உட்கார வேண்டும். குழாயின் அடி சிமெண்டுத் தரையில். இப்படி முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடி முழுக்க அச்சு வழியாகப் பால்ரஸுக்குப் போய்க் கப்பில் குழி போடும். பெரிய சுத்தியலால் ஒரே அடி, பலமாக. சின்னச் சுத்தியலால் பத்துத் தட்டுத் தட்டினால் பின் வளைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அக்டோபர் 7

ஒரே அடியில் வந்துவிட்டதாம்! பின்னின் சாய்ந்த முகத்தில் படி மாதிரி பள்ளம் விழுந்திருக்கிறது, அதையே அரம் போட்டுத் தேய்த்து மறுபடி போடலாமா என்கிறார்.

வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் புதுப் பின் வாங்குங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய்த் தடிமன் பார்த்து வாங்குங்கள், வழக்கமாக 9.5 மில்லிமீட்டர். இரண்டையும் சேர்த்து வைத்துச் சாய்ந்த முகம் ஒரே சரிவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பெடலும் ஒரே கோட்டில் நிற்காது. தேவைப்பட்டால் புதுப் பின்னை அரத்தால் கொஞ்சம் தேய்த்துப் பொருத்துங்கள். இடது பின்னும் வலது பின்னும் எதிரெதிர்ப் பக்கமாகப் போக வேண்டும். உள்ளே விட்டு, தலையில் அடித்து உட்கார வைத்த பிறகு நட்டை இறுக்குங்கள். நட்டால் இழுத்தே உட்கார வைக்கலாம் என்று நினைத்தால் மரை வழுக்கிவிடும். பேருந்து நிலையம் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, மறுபடி ஒரு அடி, மறுபடி ஒரு இறுக்கு.

மழை தொடங்குவதற்குள் பாட்டம் பிராக்கெட்டையும் பிரித்துக் கிரீஸ் போட்டுவிடுங்கள், கிராங்க் கழன்றிருக்கும் இந்த நேரத்தை விட்டால் மறுபடி சுத்தியல் எடுக்க வேண்டும். பக்கத்துக்குப் பதினொரு பால்ரஸ், 1/4 இஞ்ச். கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொண்டு கழற்றுங்கள்.